நீங்கள் தினமும் நின்ற இடம்

இன்று காலை வண்டியின் சீட்டு ஆடியது. நட்டை முறுக்கலாம் என்று சீட்டைக் கழற்றினேன். அடியில், ஆடாமல் இருப்பதற்காக மடித்துச் செருகிய ஒரு நீலத்துணி இருந்தது. பிரித்தால் சட்டையின் ஒரு கை. உங்கள் செக்யூரிட்டி யூனிஃபார்மின் கை. தோளில் தைத்த பட்டையின் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல், கிரீஸ், பழைய வியர்வை, எல்லாம் கலந்த வாடை. மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மார்கழிப் பனி சீட்டில் படிந்திருந்தது. அதே துணியால் துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

ஷிஃப்ட் முடிந்து வந்து இதை எழுத உட்கார்ந்தால், மேலே என்ன போடுவது என்று தெரியவில்லை. உங்களை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அப்பா செத்து சில வருடம் ஆகியிருந்தது. மணிலாக்கொட்டை பிடுங்கும் வேலையில் அம்மாவைப் பார்த்து, செய்யூரில் கோயிலில் வைத்து மாலை மாற்றிக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் இந்த வண்டியுமாக வந்து இறங்கினீர்கள். தெருவில் எல்லோரும் என்னிடம், "நைனான்னு கூப்புடுடா" என்றார்கள். எனக்கு நாக்கு புரளவில்லை. நீங்கள்தான் அவர்களைத் தடுத்தீர்கள். "வுடுங்க, வாயில வரும்போது வரட்டும்." அது வரவே இல்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால், நீங்கள் எதிரில் இருக்கும்போதே, "யம்மா, சாப்ட வரச் சொல்லு" என்பேன். அம்மா சொல்வதற்கு முன்பே நீங்கள் எழுந்து கை கழுவப் போவீர்கள். அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

ஒருமுறை வேப்பமரத்திலிருந்து விழுந்து கை உடைந்தபோது என்னை முன்னால் டேங்க் மேல் உட்காரவைத்து செங்கல்பட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "அழுடா, ரோட்ல யாரு பாக்கப்போறாங்க" என்றீர்கள். நான் அழவில்லை. அப்போதிருந்தே எனக்கு அது சரியாக வராது போலிருக்கிறது. கட்டுப் போட்டு, பிறகு பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டபோது வாத்தியார் உங்களைக் கேட்டார், "நீங்க பையனுக்கு இன்னா வேணும்?" நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "இவங்கம்மா வூட்டுக்காரரு சார்."

போன மாசி மாதத்தில் போய்விட்டீர்கள். மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், நீங்கள் காவல் இருந்த அந்த ரிசார்ட்டின் கேட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடி. கூட இருந்தவர் நீங்கள் கண்ணயர்ந்துவிட்டதாக நினைத்திருக்கிறார். கார் வந்து ஹாரன் அடித்தும் நீங்கள் எழுந்திருக்கவில்லை என்றபிறகுதான் தொட்டுப் பார்த்திருக்கிறார். நான் செங்கல்பட்டில், வேலை செய்யும் கம்பெனியில் இருந்தேன். போன் லாக்கரில் இருந்தது. நான் ஊருக்கு வந்து சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள்.

கொள்ளிச்சட்டியை உங்கள் அண்ணன் மகன் தூக்கினான். "எங்க ரத்தம் ஒருத்தன் இருக்கும்போது வேற யாரு?" என்று உங்கள் அண்ணன் சொன்னார். நான் குடத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் எலும்பு பொறுக்கி, சாம்பலைக் கலயத்தில் கட்டி, காரில் எடுத்துக்கொண்டு போய் மாமல்லபுரம் கடலில் கரைத்துவிட்டு வந்தார்கள். காரில் இடமில்லை. பெண்கள் வரக்கூடாது என்று அம்மாவையும் நிறுத்திவிட்டார்கள். நானும் அம்மாவும் வீட்டில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தோம்.

ரிசார்ட்டில் நின்றிருந்த உங்கள் வண்டியை உங்கள் அண்ணன் மகன்தான் ஓட்டிவந்தான். வந்ததும் ஸ்டாண்டை ஓங்கி உதைத்தான். "பேஜாரு வண்டி அண்ணாத்த இது. வழி முழுக்க நின்னு நின்னு வந்துச்சி. எடைக்குப் போட்ரு."

எடைக்குப் போடவில்லை. தாழ்வாரத்தில் கோணி போர்த்தி நிறுத்திவிட்டு நான் செங்கல்பட்டுக்குப் போய்விட்டேன். அங்கே வாடகை அறை, ஷிஃப்ட், மெஸ் சாப்பாடு. கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. வரும் பாகத்தை அளந்து, சரி என்றால் ஒரு பக்கம், இல்லையென்றால் மறுபக்கம். அந்த மாதங்களில் அது நன்றாகவே ஓடியது. கூட வேலை செய்கிறவர்கள், "இன்னா மச்சான், ஒண்ணும் ஆவாத மாதிரி கீற" என்றார்கள். ஆகாத மாதிரிதான் இருந்தது. பல் டாக்டர் ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பாதி சாப்பிட்டிருப்பேன்.

"அவர எங்க கரைச்சாங்களோ அந்த எடத்த நான் பாக்கணும்."

"அடுத்த வாரம் பஸ்ஸுல கூட்டிகினு போறேன்."

"பஸ்ஸு வேணாம். அவரு வண்டில போவணும். வேல செய்ற எடத்த ஒரு தபா காட்றேன், காட்றேன்னு சொல்லிகினே இருந்தாரு. அவரு போன வழியிலயே போவணும்."

"அது நின்னு நின்னு போவுது யம்மா."

"ரிப்பேர் பண்ணு."

நீங்கள் போனபிறகு அம்மா எதையும் வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. சரியாகச் சாப்பிடுவதில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். எலும்பு துருத்திய அந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, சரி என்றேன்.

நான்கைந்து விடுமுறை நாட்கள் அந்த வண்டியோடு போயின. கோணியை எடுத்தேன். பழைய பெட்ரோலை வடித்துக் கொட்டிவிட்டு புதிது ஊற்றினேன். பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்திருந்தது. தேய்த்துப் போட்டேன். பிறகு புதிதே வாங்கிப் போட்டேன். ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கைப்பிடி மணல் விழுந்தது. நம்மூர் சவுக்குத் தோப்பு மணல். கார்பரேட்டரை செய்யூர் மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழுவி வாங்கினேன். அவர் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "சூப்பரா கீது, எட்த்துகினு போ" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வாசலில் எவ்வளவு நேரம் ஸ்டார்ட் செய்து விட்டாலும் நிற்காமல் ஓடியது. கூவத்தூர் வரை ஓட்டிப் பார்த்தால் நடுவழியில் இரண்டு இருமல் இருமி அணைந்தது. கொஞ்ச நேரம் வெறுமனே நின்றுவிட்டு உதைத்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. சூடானால் நிற்கிறதோ என்று காயிலை மாற்றினேன். ஒயர்களை அழுத்திப் பார்த்தேன். ஒன்றை மாற்றினால் மற்றதைத் தொடக்கூடாது, அப்போதுதான் எதனால் என்று தெரியும் என்று கம்பெனியில் பழக்கியிருக்கிறார்கள். அப்படியே செய்தேன். நின்றது. கிளம்பியது. மறுபடி நின்றது. அம்மா ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போவாள்.

அந்த வேலையில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். கைக்கு வேலை இருந்தது. யாரும் வந்து தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லவில்லை.

ஆவணியில், சரியாகாமலேயே கிளம்பினோம். "நின்னா நிக்கட்டும். அவரு மட்டும் பறந்தா போனாரு?" என்று அம்மா சொல்லிவிட்டாள். டேங்க்கை நிரப்பினேன். அம்மா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கூவத்தூர் தாண்டியதும் முதல் தடவை நின்றது. வழக்கம்போல் பிளக்கைக் கழற்றினேன், நெருப்பு வருகிறதா பார்த்தேன், வந்தது, மாட்டினேன். அதற்குள் கிளம்பிவிட்டது. அம்மா சவுக்கு நிழலில் நின்று புடவையில் ஒட்டிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். வாயலூர் பாலத்தில் நிற்கக்கூடாது, லாரிகள் வரும் என்று பயந்துகொண்டே போனேன். நிற்கவில்லை. பாலாற்றில் தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. அதையும் தாண்டி, சதுரங்கப்பட்டினம் கிட்ட வரும்போது இருமியது. இறக்கத்தில் உருட்டிவிட்டேன். உருண்டு போய் ஒரு டீக்கடை எதிரில், புங்கமரத்தடியில் நின்றது.

கடையில் ஒரு அக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்தது. வண்டியைப் பார்த்தது. நம்பரைப் பார்த்தது. பிறகுதான் எங்களைப் பார்த்தது.

"கரெக்டா வந்து நின்னுச்சா? இதுக்குன்னே அளவு வெச்ச மாதிரி இங்கதான் நிக்கும். அவரு எங்க? ஆளயே காணோமே, ஆறு மாசமா கீறாரா இல்லியான்னே தெரில. வேற எங்கனா டூட்டி மாத்திட்டாங்களா?"

நான் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றேன். எனக்குச் சொல்ல வரவில்லை. சோகத்தால் இல்லை. யார் என்று சொல்லி ஆரம்பிப்பது? அவர், அவங்க, எங்க வீட்டில், எதுவும் பொருந்தவில்லை.

அம்மா முன்னால் வந்தாள். "செத்துட்டாரு," என்றாள். "மாசி மாசம். டூட்டிலயே."

அதுவரை அம்மா அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லவேண்டிய தேவையும் வந்திருக்காது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அங்கே டீ ஆற்றிக்கொண்டிருந்தது.

அந்த அக்கா டபராவைக் கீழே வைத்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதை அணைத்துவிட்டு வந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் முன்னேபின்னே பார்த்ததில்லை. பெஞ்சில் உட்காரவைத்தது. அதுதான் அழுதது. அம்மா அதன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கொஞ்சம் கழித்து என்னைப் பார்த்தது. "நீதான் புள்ளயா? செங்கல்பட்டுல கம்பெனில செக்கிங்கு?"

"ஆமாக்கா."

"கைய காட்டு." காட்டினேன். முழங்கைக்குக் கீழே, எலும்பு ஒட்டிய இடத்தில் இருக்கும் வளைவை விரலால் தொட்டுப் பார்த்தது. "மரத்துலேர்ந்து வுழுந்தது. சொல்லிகீறாரு. எம்புள்ள பல்ல கடிச்சிகினு வந்தான், ஒரு சொட்டு கண்ணீர் வுடல, எனக்குத்தான் ரோடு தெரில, கண்ணு மறைச்சிகிச்சின்னு சொல்வாரு. உன்னப் பத்தி சொல்லாத நாளு கெடயாது. எம்புள்ள நைட் ஷிஃப்டு, எம்புள்ளைக்கு மெஸ் சாப்பாடு ஒத்துக்கல. எங்களுக்கே அலுத்துப் போயிடும்."

எம்புள்ள. அதை நீங்கள் எந்தக் குரலில் சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை என்பதால் குரல் கிடைக்கவில்லை. அந்த அக்கா கொடுத்த டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகமாக இருந்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

என்ன செய்வது என்று தெரியாமல் வண்டியிடம் போனேன். பெட்ரோல் குழாயை கார்பரேட்டரிலிருந்து பிடுங்கி ஒரு பாட்டிலில் விட்டேன். முதலில் ஓடியது. பிறகு நூலாக இளைத்தது. பிறகு சொட்டியது. பிறகு நின்றேவிட்டது. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கிறது. டேப் திறந்திருக்கிறது. அடைப்பு எங்கேயும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மூடியத் தொற," என்றாள் அம்மா பெஞ்சிலிருந்து.

"இன்னாது?"

"டேங்க் மூடிய. நின்னா அவரு அதத்தான் தொறப்பாரு. தொறந்து மூடிட்டு ஒதைப்பாரு."

சாவி போட்டு மூடியைத் திருகினேன். உஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. பிடுங்கி விட்டிருந்த குழாயிலிருந்து பெட்ரோல் குபுக்கென்று கொட்டி என் செருப்பெல்லாம் நனைந்தது.

அவ்வளவுதான். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று போகவேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கும். அது அழுக்கேறி அடைத்துக்கொண்டிருந்தது. காற்று போகாததால் டேங்க் பெட்ரோலை உள்ளேயே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பிளக், காயில், கார்பரேட்டர் எல்லாவற்றையும் பார்த்தவன் மூடியைப் பார்க்கவில்லை.

"ஏன்மா இத்தினி நாளா சொல்லல?"

"நீ கேக்கலியே. பெட்ரோல் கீதான்னு பாக்குறாருன்னுதான் நானும் நெனச்சிகினு இருந்தேன்."

அம்மாவின் முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கி துளையைக் குத்தினேன். கறுப்பாக ஒரு துணுக்கு வந்தது. வாயை வைத்து ஊதினேன், காற்று போனது. எத்தனை வருடமாக மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு ஓட்டினீர்களோ. நீங்கள் ஏன் இதைச் செய்யவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவரு அப்டிதான். கூரை ஒழுவுனா கீழ பாத்திரம் வெப்பாரு. ஒடஞ்ச ஓட்ட மாத்த மாட்டாரு," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த அக்காவும் சிரித்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வண்டி நிற்கவில்லை. ரிசார்ட் கேட்டில் மட்டும் நானாக நிறுத்தினேன். வேறொருவர் உங்கள் யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தார். "இதானா?" என்றாள் அம்மா. "இதான்." "அதே நாற்காலியா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் எழுந்து, யார் வேண்டும் என்று கேட்டார். யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

மாமல்லபுரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மணலில் இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மாங்காய்த் துண்டு, பஜ்ஜி, குதிரை. அம்மா கூட்டத்தைத் தாண்டி, படகுகள் இழுத்து நிறுத்தியிருந்த பக்கம் நடந்தாள். அங்கே நின்று என்னைப் பார்த்தாள்.

"எந்த எடம்?"

உங்கள் அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். பின்னால் ஏதோ மேளச் சத்தம் கேட்டது. "படகுங்க நின்னுகினு இருந்துச்சி அண்ணாத்த. அதுக்குப் பக்கத்துல."

"படகு கரை முழுக்க நிக்குதுடா."

"தெரிலயே. வெயிலு. போனோம், கரைச்சோம், வந்துட்டோம். ஏன், இன்னாத்துக்கு?"

போனை வைத்தேன். ஏதாவது ஓர் இடத்தைக் காட்டிவிடலாம் என்று கை பாதி எழுந்தது. அம்மா முகத்தைப் பார்த்ததும் கீழே இறங்கிவிட்டது. "அவனுக்குத் தெரிலயாம்," என்றேன். "எனக்கும் தெரியாது."

அம்மா கொஞ்ச நேரம் கரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். புடவையைக் கெண்டைக்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, நடக்கத் தொடங்கினாள். படகுகள் தொடங்கும் முனையிலிருந்து, தண்ணீரை விட்டு வெளியே வராமல். வலைக் கயிறு குறுக்கே கட்டியிருந்த இடங்களில் குனிந்து போனாள். பெரிய அலை வந்தபோது நின்று, போனதும் நடந்தாள். நான் அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கூப்பிட்டார். "இன்னாம்மா தேடற? செயினு எதனா வுட்டுட்டியா?"

"இல்லப்பா," என்றாள் அம்மா. "ஒரு எடத்த வுடாம மிதிக்கணும். அதான்."

அவர் என்னைப் பார்த்தார். புரிந்திருக்க வேண்டும். வலையை இழுத்து எங்களுக்கு வழிவிட்டார்.

பாறைகள் வந்து தடுக்கும் இடம் வரை போனாள். அதற்கு மேல் போகமுடியாது. புடவை இடுப்பு வரை நனைந்திருந்தது. மணலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, நடந்து வந்த கரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கியோ ஒரு எடத்துல பட்டிருக்கும்," என்றாள். பிறகு, "பசிக்குது," என்றாள்.

நாஸ்தா கடையில் நான்கு இட்லியைச் சட்னியில் தோய்த்து மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை என்னையே எடுத்துப்போகச் சொல்லிவிட்டாள். செங்கல்பட்டில் தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். எங்கேயும் நிற்பதில்லை. அழுகை இன்னும் வரவில்லை. வரும் என்று இப்போது காத்திருப்பதும் இல்லை. போன வாரம் லீவு நாளில், யாரிடமும் சொல்லாமல் மாமல்லபுரம் போனேன். வெறுமனே கடலைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். பார்த்துவிட்டுத் திரும்ப முடியவில்லை. பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு படகுகள் தொடங்கும் முனைக்குப் போய், அங்கிருந்து பாறை வரைக்கும், ஒரு இடம் விடாமல் நடந்துவிட்டுத்தான் வந்தேன்.